பன்னிரண்டு லிட்டர் கம்போவைக் கொட்டிய காலை

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் பானையின் மூடியைத் திறந்தேன். மேலே சின்னச் சின்னக் குமிழிகள், ஓரமெல்லாம் வெள்ளை நுரை. அடுப்பு முந்தின இரவே அணைத்தாயிற்று, பிறகு எதற்குக் கொதிக்கிறது என்று ஒரு கணம் புரியவில்லை. கரண்டியை விட்டுக் கிளறியதும் அடியிலிருந்து இன்னும் நாலு குமிழி எழும்பி வந்து உடைந்தது. அப்போதுதான் வாசனை வந்தது. இறால் வாசனைக்கு அடியில், மூன்று நாள் வெளியே வைத்த தோசை மாவு மாதிரி ஒரு புளிப்பு. பன்னிரண்டு லிட்டர் கம்போ, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கெட்டிக் குழம்பு. அன்று மாலை ஆறு மணிக்கு இருபத்தைந்து பேர் சாப்பிட வருகிறார்கள். நான் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். வெட்கப்பட்டுக்கொண்டு இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாவது சொல்கிறேன்.

லூசியானாவில் பேட்டன் ரூஜ் நகரத்துக்கு ஆராய்ச்சி வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. டிசம்பரில் எங்கள் ஆய்வகத்தில் ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவரும் விருந்து. எல்லாரும் என்னிடம் பிரியாணி எதிர்பார்த்தார்கள். எனக்கு அங்கேதான் ஒரு வீம்பு. இந்தியப் பெண் என்றால் பிரியாணிதானா, உங்கள் ஊர்ச் சாப்பாட்டையே செய்து காட்டுகிறேன் என்று கம்போவுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். நான் தூத்துக்குடிக்காரி. இறாலும் நண்டும் பார்த்து வளர்ந்தவளுக்கு ஒரு கடலுணவுக் குழம்பு வராதா என்ற நினைப்பு. அந்த ஊரில் 2004ல் மாநிலத்தின் அதிகாரபூர்வ உணவாகவே கம்போவை அறிவித்திருக்கிறார்கள். அதைப் போய் முதல் தடவையிலேயே இருபத்தைந்து பேருக்குச் செய்கிறேன் என்றேன் பாருங்கள். முதல் புத்திமதி இதுதான்: முதலில் நாலு பேருக்குச் செய்து பாருங்கள்.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டு வாங்கிய கணக்கு: தலையோடு இருக்கும் இறால் பத்து பவுண்டு 55 டாலர், கம்போவுக்கென்றே பிளந்து சுத்தம் செய்து விற்கும் நீல நண்டு இரண்டு பாக்கெட் 18, ஓட்டை நீக்கிய ஆய்ஸ்டர் சிப்பி இரண்டு டப்பா 46, வெங்காயம், செலரி, குடைமிளகாய், உறைய வைத்த வெண்டைக்காய் எல்லாம் சேர்த்து 22, ஸ்டாக் என்று விற்கும் கடலுணவு வேகவைத்து வடித்த சாறு ஆறு அட்டைப்பெட்டி 20, மாவு எண்ணெய் மசாலா 11. மொத்தம் 172 டாலர். மதியம் மூன்றுக்கு அடுப்பைப் பற்றவைத்தேன், இரவு பத்துக்கு அணைத்தேன்.

கம்போவின் உயிர் ரூ என்கிற வறுத்த மாவுக் கலவை. எண்ணெயும் மைதாவும் சேர்த்துச் சிறு தீயில் சாக்லேட் நிறம் வரும்வரை கிளறிக்கொண்டே இருப்பது. எண்ணெய்தான் நல்லது, வெறும் வெண்ணெய் போட்டால் அதிலுள்ள பால் பொருள் சீக்கிரம் கருகிவிடும். அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னபோது, "ஏட்டி, மாவக் கருக்கிட்டு அதுல கொழம்பு வைக்கவா?" என்று சிரித்தாள். கருக்குவதற்கும் சிவக்க வறுப்பதற்கும் நடுவில் அரை நிமிடம்தான் இருக்கிறது என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. முதல் ரூவை மெல்லிய அலுமினியப் பானையில் போட்டேன். இருபதாவது நிமிடம் வாட்ஸ்அப் பார்க்கக் குனிந்து நிமிர்ந்தேன், மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். வடிகட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகாது. ஒரு புள்ளி தெரிந்துவிட்டால் கசப்பு முழுக்க இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதில் பத்து பவுண்டு இறாலைப் போட்டு வீணாக்குவதை விட மூன்று கப் மாவைக் கொட்டுவது லாபம். சாக்கடையில் ஊற்றாதீர்கள், ஆறியதும் அடைத்துக்கொள்ளும், சூடான எண்ணெய் ஆபத்தும் கூட. நன்றாக ஆறவிட்டுப் பழைய டப்பாவில் போட்டுக் குப்பையில் எறியுங்கள்.

இரண்டாவது ரூவை அடி கனத்த பானையில், பயந்து பயந்து, மிகச் சிறு தீயில் வைத்தேன். ஐம்பது நிமிடம் நின்றேன், கை கழன்றுவிட்டது. முதலில் ஈரமணல் நிறம், அப்புறம் வேர்க்கடலை வெண்ணெய் நிறம், அதற்கப்புறம் பழைய செப்புக்காசு. அந்த இடத்தில் வாசனையே மாறுகிறது, மாவு வாசனை போய் வறுத்த முந்திரி மாதிரி வருகிறது. அதற்கும் மேலே போனால்தான் சாக்லேட். மரத்துடுப்பின் நுனி தட்டையாக இருந்தால் அடியின் மூலைகளைச் சுரண்டலாம், வட்டக் கரண்டியில் மூலையில் மாவு தங்கிக் கருகும். நான் அதையும் கற்றுக்கொண்டது துடுப்பு வாங்கிய பிறகல்ல, கருகிய பிறகு. இன்னொன்று, கைமுழுக்க மூடும் சட்டை போடுங்கள். ரூ சாதாரண எண்ணெய் மாதிரித் தெறித்து வழிந்து போகாது, பசை மாதிரி ஒட்டிக்கொண்டு சுடும். என் இடது மணிக்கட்டில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது.

அடுப்பை அணைத்தாலும் ரூ வறுபட்டுக்கொண்டே இருக்கும். அதை நிறுத்துவது வெங்காயம். தாளிக்கும்போது கடுகு வெடித்ததும் வெங்காயத்தைப் போட்டு வேகத்தை அடக்குகிறோம் இல்லையா, அதே வித்தைதான். வெங்காயம், செலரி, பச்சைக் குடைமிளகாய் மூன்றையும் அங்கே திரித்துவம் என்று கிறிஸ்தவப் பெயர் வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். ரூவைத் தொடங்குவதற்கு முன்பே மூன்றையும் வெட்டிக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்க வேண்டும். நான் ரூ சிவந்த பிறகு ஓடிப்போய் வெங்காயம் உரித்தேன். இரண்டாவது ரூவும் அப்படித்தான் போனது. மூன்றாவதுதான் தேறியது, மணி ஆறு.

அடுத்தது உப்பு. வாங்கிய ஸ்டாக்கில் உப்பு, அந்த ஊர் மசாலாத் தூளில் உப்பு. தூள் டப்பாவில் பொருள் பட்டியலைப் படித்திருந்தால் உப்புதான் முதல் பெயராக இருப்பதைப் பார்த்திருப்பேன். அதற்கு மேல் நானும் ஒரு கைப்பிடி. நம் வீட்டு வைத்தியப்படி உருளைக்கிழங்கு நாலு போட்டேன். உருளை உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளுமே தவிர உப்பை மட்டும் பிரித்து இழுக்காது. மீதியிருக்கும் குழம்பு அதே கரிப்புதான். உப்பில்லாத தண்ணீரோ ஸ்டாக்கோ விட்டுப் பெருக்குவது, சோற்றை உப்பில்லாமல் வடிப்பது, இந்த இரண்டைத் தவிர வழியில்லை. இதில் கொடுமை என்னவென்றால், பத்து பவுண்டு இறாலின் தலையையும் ஓட்டையும் அப்போதுதான் பையில் கட்டிக் குப்பையில் போட்டிருந்தேன். அதைக் கொஞ்சம் எண்ணெயில் சிவக்க வதக்கி, ஒரு வெங்காயம், செலரித் தண்டு, பே இலையோடு முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் எந்தப் பெட்டி ஸ்டாக்கும் கிட்ட வராது. இருபது டாலரும் மிச்சம். எங்கள் ஆச்சி இறால் தலையை எறிபவளைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

பெருக்கியதால் குழம்பு நீர்த்தது. அதோடு கறுத்த ரூவுக்கு ஒரு குணம் உண்டு: எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவுக்கு அதன் கெட்டிப்படுத்தும் சக்தி குறையும், வறுபடும்போது மாவுச்சத்து உடைந்துபோவதால். இது தெரியாமல், சூப்புக்குச் செய்வது போல மைதாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். பச்சை மாவு நெடி வந்துவிட்டது, கட்டி கட்டியாகவும் ஆயிற்று. செய்ய வேண்டியது வேறொன்றுமில்லை, மூடியை எடுத்துவிட்டு இன்னும் அரை மணியோ ஒரு மணியோ மெல்லத் தளதளக்க விடுவதுதான். வெண்டைக்காயும் கெட்டிப்படுத்தும். மேலே விரல் கனத்துக்கு எண்ணெய் மிதந்ததே, அதற்குக் காரணம் கப் கணக்கு. ஒரு கப் எண்ணெய் 220 கிராம் வரும், ஒரு கப் மைதா 125 கிராம்தான். கப்புக்குக் கப் சமமாக எடுத்தால் எடையில் எண்ணெய்தான் கூடுதல். நான் இப்போது எண்ணெயில் கால்வாசியைக் குறைத்துவிடுகிறேன். மிதந்துவிட்டாலும் பயமில்லை, கடலுணவைப் போடுவதற்கு முன் கரண்டியால் வழித்தெடுத்துவிடலாம்.

வெண்டைக்காய் விஷயத்தில் எனக்கு மன்னிப்பே கிடையாது. டிசம்பரில் புது வெண்டைக்காய் கிடைக்காது, உறைந்த பாக்கெட் இரண்டைப் பிரித்து அப்படியே கொதிக்கும் பானையில் கொட்டினேன். ஐந்து நிமிடத்தில் கரண்டியைத் தூக்கினால் பானைக்கும் கரண்டிக்கும் நடுவே நூல் ஆடுகிறது. அம்மாவுக்கு மறுபடி போன். "வெண்டக்காயத் தண்ணிலயா போட்ட? அத மொதல்ல எண்ணெயில வதக்கி, ரெண்டு சொட்டு புளித்தண்ணி விடணும்னு தெரியாதா ஒனக்கு?" தெரியும். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு வைக்கும்போது தன்னால் செய்வதுதான். வேறு ஊர்ச் சாப்பாடு என்றதும் தெரிந்ததெல்லாம் மறந்துபோயிற்று. லூசியானாக்காரர்களும் இதையேதான் செய்கிறார்களாம்: தனி வாணலியில் எண்ணெய் விட்டு, கொஞ்சம் வினிகரோ தக்காளியோ சேர்த்து, நூல் விடுவது நிற்கும்வரை அரை மணி நேரம் வதக்கி அப்புறம் பானையில் சேர்ப்பது. இரும்புச் சட்டியில் வதக்கினால் கறுத்துவிடும். இந்தச் சாப்பாட்டின் பெயரே வெண்டைக்காய்தான் என்பார்கள். அடிமைகளாகப் பிடித்துவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் பாண்டு மொழிகளில் கி ங்கோம்போ என்றால் வெண்டைக்காய். பெயரைக் கொடுத்த காய்க்கு நான் அன்று செய்த மரியாதை அவ்வளவுதான்.

வெண்டைக்காய் வேண்டாம் என்றால் ஃபீலே இருக்கிறது. சாசஃப்ராஸ் மரத்து இலையைக் காயவைத்து அரைத்த பச்சைத் தூள், சாக்டா பழங்குடிகள் கொடுத்த பழக்கம். வெண்டைக்காய் இல்லாத குளிர்காலத்துக்கு அதுதான் பழைய வழக்கம். அடுப்பை அணைத்த பிறகு, அல்லது அவரவர் கிண்ணத்தில் தூவ வேண்டும். கொதிக்கும்போது போட்டால் அதுவும் நூல் நூலாகிவிடும். நல்லவேளை, அந்தத் தப்பை மட்டும் நான் செய்யவில்லை. தூள் வாங்க மறந்துவிட்டதால்.

இரவு எட்டரைக்கு நண்டு, இறால், சிப்பி எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டேன். மீன் குழம்பில் கூட மீனைக் கடைசியில்தான் போடுவோம், ஆனால் மசாலா இறங்க வேண்டுமே என்ற பதற்றம். ஓடோடு இருக்கும் நண்டு மட்டும்தான் நீண்ட நேரம் தாங்கும். அதை முன்னாலேயே போட்டு அரை மணிக்கு மேல் விட்டால் சாறு குழம்பில் இறங்கும். இறாலுக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம். உடல் அரைவட்டமாக வளைந்தால் பதம், தலையும் வாலும் தொட்டு மோதிரம் மாதிரிச் சுருண்டால் ரப்பர். பெரிய பானை என்றால் அடுப்பை அணைத்துவிட்டே இறாலைப் போட்டு மூடலாம், பானையின் சூட்டிலேயே வெந்துவிடும். சிப்பி எல்லாவற்றுக்கும் கடைசி, ஓரம் சுருங்கியதும் முடிந்தது. டப்பாவில் அதனுடன் இருக்கும் நீரை வடிகட்டிக் குழம்பில் விடுங்கள், கடல் ருசி அதில்தான். என் 46 டாலர் சிப்பி முக்கால் மணிக்குப் பிறகு அழிரப்பர் துண்டு மாதிரி இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் அதைக் கொட்டியிருக்க மாட்டேன். கரிப்போ ரப்பரோ, சாப்பிடக்கூடிய சாப்பாடுதான். கொட்ட வைத்தது கடைசித் தப்பு. இரவு பத்து மணிக்கு அடுப்பை அணைத்து, இறுக்கமாக மூடி, "ஆறட்டும், காலையில் ஃபிரிட்ஜில் வைக்கலாம்" என்று படுத்துவிட்டேன். குளிர்காலம்தானே என்று நினைத்தேன், வீட்டுக்குள் ஹீட்டர் ஓடுவதை மறந்து. கனத்த பானையில் பன்னிரண்டு லிட்டர் கெட்டிக் குழம்பு ஆற மணிக்கணக்காகும். மூடியும் போட்டுவிட்டால் நடு இரவெல்லாம் கிருமிகளுக்குப் பிடித்த வெதுவெதுப்பிலேயே இருக்கும். அமெரிக்க உணவகங்களுக்கான விதி, சமைத்ததை 57 டிகிரி செல்சியஸிலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அதிலிருந்து 5க்கு அடுத்த நாலு மணி நேரத்துக்குள்ளும் இறக்க வேண்டும் என்கிறது. மறுபடி கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். சில கிருமிகள் விட்டுப்போகும் நஞ்சு கொதித்தாலும் அழியாது. நானும் அடுப்பைப் பற்றவைக்கக் கை வைத்தேன். இருபத்தைந்து பேர், அதில் ஒருத்தி ஏழு மாதக் கர்ப்பிணி என்று ஞாபகம் வந்ததும் கையை எடுத்துவிட்டேன். கழிவறையில் சட்டி சட்டியாக ஊற்றி, நண்டையும் இறாலையும் இரண்டு உறையிட்டுக் குப்பைத்தொட்டிக்குக் கொண்டுபோகவே ஒரு மணி நேரம் ஆனது.

பத்து மணிக்கு அதே மீன்கடை. தராசில் இறாலை அள்ளிப்போட்டுக்கொண்டிருந்த பெரியவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நேற்றும் பத்து பவுண்டு வாங்கினாயே அம்மா?" நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "மூடி வைத்தாயா?" தலையாட்டினேன். சிரிக்கவில்லை. "இந்த ஊரில் எல்லா வீட்டிலும் ஒரு தடவை புளித்திருக்கும்" என்றார். பிறகு இன்றைக்கு ரூ கிண்டாதே, கடையில் ஜாடியில் விற்கிறது, அதை வாங்கிக்கொண்டு போ என்றார். ஜாடி ரூவா, அது ஏமாற்று வேலையல்லவா என்று நான் இழுத்தேன். தன் மனைவியே பாதி நாள் அதைத்தான் போடுகிறாள் என்றார். உண்மையிலேயே பேட்டன் ரூஜ் மளிகைக் கடைகளில் ரூ ஜாடிகளை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். அன்று அது எனக்கு மூன்று மணி நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தது. சூடான ஸ்டாக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தால் போதும். சொந்தமாகச் செய்ய ஆசை, நிற்கப் பொறுமையில்லை என்றால் கனத்த பானையை 175 டிகிரி செல்சியஸ் ஓவனில் ஒன்றரை மணி நேரம் வைத்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கிளறலாம். நான் இப்போது அப்படித்தான் செய்து சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது தடவை சிப்பி வாங்கவில்லை, மனசு வரவில்லை. 95 டாலரோடு நிறுத்தினேன், ஆக இரண்டு நாளில் 267. தலையையும் ஓட்டையும் வேகவைத்து ஸ்டாக் எடுத்தேன். வீட்டில் வினிகர் இல்லை, வெண்டைக்காய்க்கு கோலிக்குண்டு அளவு புளியைக் கரைத்து விட்டேன். நண்டு வரைக்கும் வீட்டில் முடித்து, உரித்த இறாலை ஐஸ் பெட்டியில் தனியாக எடுத்துக்கொண்டு, விருந்து நடந்த வீட்டு அடுப்பில் குழம்பைக் கொதிக்க வைத்து, எல்லாரும் தட்டு எடுக்கும்போதுதான் இறாலைப் போட்டேன். வாழ்க்கையில் இறால் அவ்வளவு பதமாக எனக்கு வந்ததில்லை.

சாப்பிட்டவர்களில் நியூ ஆர்லியன்ஸ்காரர் ஒருவர் இரண்டாவது கிண்ணம் வாங்க வந்து, வெண்டைக்காயில் என்ன போட்டாய் என்று கேட்டார். புளி என்றேன். அவர் பாட்டி தக்காளி போடுவார் என்றும், மேற்கே, பிரெஞ்சு வழி வந்த கேஜன் மக்களின் ஊர்களில் தக்காளியைச் சொன்னாலே அடிக்க வருவார்கள் என்றும், புளியைப் பற்றி யாருக்கும் கருத்து இருக்காது என்றும் சொன்னார். பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அடுப்பில் கடைசிவரை சூடாகவே வைத்திருந்ததில் இரண்டு லிட்டர் மீதி. சிங்க்கில் ஐஸும் தண்ணீரும் நிரப்பி, குழம்பை உயரம் குறைந்த நாலு டப்பாக்களில் பிரித்து, மூடாமல் அதில் இறக்கி வைத்துக் கிளறினேன். அரை மணியில் கை பொறுக்கும் குளிர்ச்சிக்கு வந்தது. ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் பானையைக் கழுவாமல் படுத்துவிட்டேன்.